சார் கையெழுத்துப் போட்டுவிடுவார்

திங்கட்கிழமைதோறும் தனுஷாவின் மின்னஞ்சலுக்கு ஒரு பட்டியல் வரும். நேர்க்கோட்டில் போகாத மாற்றங்களை ஆராயும் நேரிலா அறிவியல், பயன்பாட்டுக் கணிதம் இந்த இரண்டிலும் உலகத்தின் எந்த மூலையில் என்ன பட்டறை, எங்கே மாநாடு, எந்தப் பல்கலைக்கழகத்தில் ஆராய்ச்சி இடம் காலி, கடைசித் தேதி என்றைக்கு என்று யாரோ ஒரு புண்ணியவான் வாராவாரம் தொகுத்து அனுப்புகிறார். ஆறு வருஷமாக அவள் அதை வரி விடாமல் படிக்கிறாள். படித்து என்ன கண்டாள் என்று கேட்டால் சொல்வதற்கு ஒன்றுமில்லை. பாதி இடத்துக்குத் தகுதி போதாது, மீதி இடத்துக்கு விமானச் சீட்டை நாமே எடுக்கவேண்டும். ஆனாலும் படிப்பாள். கள்ளக்குறிச்சியில் ஒரு கல்லூரியில் கௌரவ விரிவுரையாளர் வேலை, அதே கல்லூரியில் பகுதிநேர முனைவர் பட்டப் பதிவு. அந்த வேலையில் கௌரவம் என்பது பெயரில் மட்டும்தான் இருக்கிறது, ஏப்ரலோடு அதுவும் முடிகிறது.

அந்தத் திங்கட்கிழமை பட்டியலுக்கு மேலே இன்னொரு கடிதம் நின்றது. போர்த்துகலில் கடலோரத்து ஊர் ஒன்றில் ஜூலையிலிருந்து மூன்று மாதம் நடக்கப்போகும் நேரிலா இயக்கவியல் பள்ளியிலிருந்து வந்தது. போக்குவரத்து, தங்கல், சாப்பாடு எல்லாம் அவர்கள் பொறுப்பு. மூன்று மாதத்தில் தேறுகிறவர்களை அங்கேயே முழுநேர ஆராய்ச்சிக்கு எடுத்துக்கொள்வார்கள். டிசம்பரில் விண்ணப்பித்திருந்தாள். பிப்ரவரியில் கடைசி நாற்பது பேரில் அவள் பெயர் இருந்தது. நாற்பதில் இருபத்து நாலு பேருக்கு இடம். கல்வராயன் மலையில் தன் ஊருக்கு மேலே, தண்ணீர்த் தொட்டிப் பாறையில் மட்டும்தான் சிக்னல் எடுக்கும். அந்தப் பாறையில் நின்று அந்தச் செய்தியைப் படித்துவிட்டு, கீழே மரவள்ளிக் கொல்லையில் நின்ற அப்பாவிடம் கத்திச் சொன்னவள் அவள்.

இப்போது வந்திருந்த கடிதம் இதுதான். பேராசிரியர் காசிநாதன் உங்களுக்காக அனுப்பிய பரிந்துரைக் கடிதமும், இன்னொரு விண்ணப்பதாரருக்காக அவரே அனுப்பிய கடிதமும் பெயரைத் தவிர ஏறக்குறைய ஒன்றாக இருக்கின்றன. எங்கள் குழுவில் எல்லோர் மனத்திலும் நின்ற கடிதம் அது. அதனால்தான் இரண்டாவது தடவை படித்ததும் தெரிந்துகொண்டோம். எந்தக் கடிதம் உண்மை, அந்த மாணவர் செய்த ஆய்வு என்ன என்பதைப் பேராசிரியர் தன் சொந்த வார்த்தைகளில் எழுதி, வெள்ளிக்கிழமை நண்பகலுக்குள் அனுப்பவேண்டும். வராவிட்டால் இரண்டு விண்ணப்பங்களும் நீக்கப்படும்.

அவர்கள் நண்பகல் நமக்கு மாலை ஐந்தரை. துறை அறையில் மின்விசிறி ஓடிக்கொண்டிருந்தும் தனுஷாவின் முதுகில் வியர்வை வழிந்தது. சொந்த வார்த்தைகளில் என்ற இடத்தை மறுபடி மறுபடி படித்தாள்.

ஏனென்றால் அந்தக் கடிதத்தை எழுதியவள் அவளே.

இதில் ஒளிக்க ஒன்றுமில்லை, நம் பக்கத்துக் கல்லூரிகளில் நடக்கிற காரியம்தான். மாணவர் போய்ப் பரிந்துரைக் கடிதம் கேட்பார். சார் சொல்வார், நீயே எழுதி எடுத்துக்கொண்டு வா, கையெழுத்துப் போடுகிறேன் என்று. அவர் மாணவராக இருந்தபோது அவருடைய சாரும் அதைத்தான் சொன்னார். விடுப்பு விண்ணப்பத்துக்கு ஒரு மாதிரி இருப்பதுபோல் இதற்கும் ஒரு மாதிரி இருக்கும், பெயரை மாற்றிக்கொண்டே போவார்கள். காசிநாதன் சார் இன்னும் ஒரு படி மேலே. அவருடைய மின்னஞ்சல் கடவுச்சொல்லே துறையில் எல்லோருக்கும் தெரியும். கடிதத்தை எழுதி, அவர் கையெழுத்தை வாங்கி, அவர் கணக்கிலிருந்தே அனுப்பிவிட்டு, "அனுப்பிட்டங்க சார்" என்று சொன்னால் "நல்லதும்மா" என்பார்.

டிசம்பரில் அந்தக் கடிதத்தை எழுத அவளுக்கு ஒன்பது நாள் பிடித்தது. தன்னைத் தானே புகழ்ந்து, அதுவும் சார் சொல்வதுபோல, எப்படி எழுதுவது? வாயெடுத்துத் தன் பெருமை பேசிப் பழக்கமில்லாத வீட்டுப் பெண். புத்திசாலி என்று ஒரு சொல்லைப் போட்டுவிட்டு வெட்கத்தில் அழித்தாள். கடைசியில், மலையில் பிறந்து வளர்ந்தவள் என்று தொடங்கி, நடந்ததை மட்டும் எழுதினாள். அப்பா காத்தானின் கொல்லையில் மரவள்ளிக் கொழுந்து சுருட்டிக்கொண்டு முடிச்சு முடிச்சாய்ப் போனது, அது மாவுப்பூச்சி, அதைத் தின்ன ஒரு சின்னக் குளவி உண்டு, சனிக்கிழமைதோறும் இருபது செடியில் பூச்சியையும் குளவி குத்திய பூச்சியையும் அவள் எண்ணுகிறாள், நூற்றுமுப்பது வாரம் ஆகிவிட்டது. எண்ணிக்கை நேர்க்கோட்டில் போகவில்லை. பூச்சியே இல்லை என்று நினைக்கிற வாரத்துக்கு அப்புறம் கொல்லையே வெளுக்கிறது. மருந்தடித்தால் முதலில் சாவது குளவிதான், பூச்சி அடுத்த மாதம் மூன்று பங்காகத் திரும்பி வருகிறது. இதையெல்லாம் இரண்டு வரிச் சமன்பாட்டில் அவள் அடக்கியிருக்கிறாள், அந்தச் சமன்பாடு அடுத்த எட்டு வாரத்தை முன்கூட்டியே சொல்லிவிட்டது. அவ்வளவுதான் கடிதம். சார் அதில் எங்கே கையெழுத்துப் போடவேண்டும் என்று மட்டும் பார்த்தார்.

திங்கட்கிழமை மதியமே சாரிடம் ஓடினாள். சார் தன் அறையில் தயிர்சாதம் சாப்பிட்டுக்கொண்டிருந்தார். நைனார்பாளையத்துக்காரர், மே மாதம் ஓய்வு. கெட்ட மனுஷர் என்று எவரும் சொல்லிவிட முடியாது. தனுஷாவின் சாதிச் சான்றிதழை அலுவலகம் தொலைத்துவிட்டு அவள் பதிவையே ரத்து செய்யப் பார்த்தபோது, வெயிலில் நாலு நாள் அவளோடு அலைந்தவர் அவர். மலையிலிருந்து வந்த முதல் பெண் என்று வருகிறவர் போகிறவரிடமெல்லாம் சொல்லிச் சொல்லிப் பெருமைப்படுவார். அவள் சொன்னதைக் கேட்டுக்கொண்டே ஊறுகாயைத் தொட்டுக்கொண்டார்.

"சுபாஷ் கேட்டாம்மா. அவனும் அங்கதான் போடறன்னான். தனுஷாவுக்கு அனுப்பினது மெயில்ல இருக்கும் பாரு, அத வச்சி போட்டுக்கோன்னு சொன்னன். அதுல இன்னா தப்பு வந்திச்சி?"

"ரெண்டும் ஒண்ணா இருக்குதாம் சார்."

"லெட்டர்னா ஒண்ணாத்தான் இருக்கும். அவங்களுக்கு இன்னா வேணுமாம் இப்ப?"

"நீங்க விளக்கம் எழுதணுமாம் சார். சொந்த வார்த்தைல."

சார் டிபன் பாக்ஸை மூடினார். கையைக் கழுவிக்கொண்டு வந்து உட்கார்ந்து, ஒரு நிமிஷம் நெற்றியைத் தேய்த்தார். அப்புறம் முகம் தெளிந்துவிட்டது.

"ஒண்ணும் பயப்படாதம்மா. நல்லா யோசிச்சி நீயே ஒண்ணு எழுதி எடுத்துக்கினு வா. நான் கையெழுத்துப் போட்டுடறன்."

சிரிப்பதா அழுவதா என்று அவளுக்கே தெரியவில்லை. "சரிங்க சார்" என்றுதான் வாயில் வந்தது. ஆறு வருஷமாக வாயில் வருவது அதுதானே.

செவ்வாயும் புதனும் வகுப்பு முடிந்ததும் கணினி ஆய்வகத்தில் உட்கார்ந்தாள். முதலில் எழுதியது தட்டச்சுப் பிழை என்று. அலுவலகத்தில் தவறுதலாக ஒரே கோப்பு இரண்டு பெயரில் போய்விட்டது என்று. எழுதிவிட்டுப் படித்தால் அவளுக்கே நம்பிக்கை வரவில்லை. எந்தத் தட்டச்சுப் பிழை ஆணையும் பெண்ணையும் சரியாக மாற்றிப்போடும்? அதை அழித்தாள். சார் இரண்டு பேரையும் காப்பாற்றச் சொன்னார், இரண்டு பேரையும் காப்பாற்றுகிற பொய் ஒன்றும் அகப்படவில்லை.

புதன் மாலை இரண்டாவதாக ஒன்று எழுதினாள். அது சுலபமாக வந்தது. முதல் கடிதம் நான் எழுதியது, தனுஷாவைப் பற்றியது, அதில் உள்ளது அத்தனையும் உண்மை. சுபாஷ் என்கிற மாணவர் எனக்குத் தெரியாமல் என் மின்னஞ்சலைத் திறந்து அதை எடுத்துப் பெயர் மாற்றி அனுப்பிவிட்டார், வருந்துகிறேன். இவ்வளவுதான். சார் படிக்கப் போவதில்லை. கையெழுத்துப் போட்டுவிடுவார். இடம் அவளுக்கு. அச்செடுத்து மடித்துப் பைக்குள் வைத்துக்கொண்டாள். அன்றைக்கு விடுதி அறைக்குப் போய் இரண்டு வாய்ச் சோற்றுக்கு மேல் அவளால் இறக்க முடியவில்லை.

வயது வேறு அவளை நெருக்கியது. ஜூலை முதல் தேதிக்கு முப்பது முடியாதவர்கள் மட்டும்தான் அந்தப் பள்ளிக்கு விண்ணப்பிக்கலாம். அவள் சான்றிதழில் பிறந்த தேதி ஜூன் ஒன்று. மலையில் அவளோடு பள்ளிக்கூடத்தில் சேர்ந்த பதினோரு பிள்ளைகளுக்கும் ஜூன் ஒன்றுதான். தலைமையாசிரியர் பிள்ளைகளின் பல்லைப் பார்த்து வருஷத்தைப் போட்டார், தேதியைத் தனக்கு வசதியாகப் போட்டுக்கொண்டார். அந்தக் கணக்கில் அடுத்த வருஷம் ஜூனில் அவளுக்கு முப்பது முடிகிறது. அடுத்த வருஷம் என்று ஒன்று அவளுக்குக் கிடையாது.

வியாழக்கிழமை மத்தியானம் சுபாஷ் அவளைத் தேடிக்கொண்டு வந்தான். களமருதூரில் நெல் போடுகிற கண்ணாயிரத்தின் மகன், பதிவுசெய்து இரண்டு வருஷம்தான் ஆகிறது. மின்சுற்றுகளில் வரும் ஒழுங்கற்ற அலைவுகளைப் பற்றிய ஆராய்ச்சி. அவனுக்கும் அதே கடிதம் போயிருந்தது. கண்ணெல்லாம் சிவந்திருந்தது. கேன்டீனில் இரண்டு டீ வாங்கி வைத்துவிட்டுக் குடிக்காமல் உட்கார்ந்திருந்தான்.

"அக்கா, அது நீங்க எழுதினதுன்னு எனக்கு சத்தியமா தெரியாது. சாரோட ஃபார்மேட்டுன்னு நெனச்சன்."

"ஃபார்மேட்டா? நூத்திமுப்பது வாரம் எண்ணினன்னு போட்டிருக்குதே, அதையுமா ஃபார்மேட்டுன்னு நெனச்ச?"

சுபாஷ் தலையைக் குனிந்துகொண்டான். "மரவள்ளிய எடுத்துட்டு சர்க்யூட்டுன்னு போட்டன். மத்தது எல்லாம் அப்படியே வுட்டுட்டன்."

"அப்போ நூத்திமுப்பது வாரம் நீ சர்க்யூட்ட எண்ணிக்கினு இருந்திருக்க."

"மலைல பொறந்து வளந்தன்னு கூட இருக்குதுக்கா. களமருதூர்ல எங்க மலை."

இருவருக்கும் சிரிப்பு வந்துவிட்டது. சிரித்து முடிந்ததும் அவன் கண்ணைத் துடைத்துக்கொண்டான். நான் விலகிக்கொள்கிறேன் என்றான். காலையிலேயே எழுதி அனுப்பிவிட்டதாகச் சொன்னான். கைபேசியை நீட்டினான். என் கடிதம் பொய், தனுஷாவின் கடிதம் உண்மை, நான் விலகுகிறேன் என்று மூன்று வரி. அதற்குப் பதிலும் வந்திருந்தது. நன்றி, உங்கள் விண்ணப்பத்தை நீக்கிவிட்டோம், ஆனால் பேராசிரியரின் விளக்கம் இன்னும் தேவைப்படுகிறது.

"நான் போனா நீங்க தப்பிச்சிடுவீங்கன்னு நெனச்சன்" என்றான் அவன்.

தனுஷா பைக்குள் கையை விட்டு அந்த மடித்த தாளைத் தொட்டாள். அதில் அவன் திருடன். கேட்காமலே தன் கழுத்தைத் தானே நீட்டியவனைத் திருடன் என்று எழுதி, அதைப் படித்தே பார்க்காத மனுஷரிடம் கையெழுத்து வாங்கி ஒரு நாட்டுக்குப் போய் என்ன கணக்குப் போடுவது? அவளுக்குத் தன் மேலேயே அருவருப்பு வந்தது. கேன்டீன் வாசலில் குப்பைத் தொட்டியில் அதைச் சுக்கு நூறாகக் கிழித்துப் போட்டாள்.

வெள்ளிக்கிழமை காலை உண்மையை எழுதினாள். அதையும் சார் சொல்வதுபோலத்தான் எழுதவேண்டியிருந்தது. இரண்டு கடிதத்தையும் நான் எழுதவில்லை. என் துறையில் மாணவர்கள் தங்கள் கடிதத்தைத் தாங்களே எழுதுவார்கள், நான் கையெழுத்துப் போடுவேன். முதல் கடிதத்தை எழுதியது தனுஷா. அதை நான் படிக்கவில்லை. சுபாஷிடம் அதைப் பயன்படுத்தச் சொன்னது நான். அவர் மேல் தவறில்லை. தனுஷாவின் ஆய்வேட்டை நான் இன்னும் பார்க்கவில்லை, அவருடைய தரவுகள் வேண்டுமானால் அவரிடமே கேட்டுப் பாருங்கள். அடித்து முடித்த பிறகு ஒரு வரியையும் அவள் மாற்றவில்லை.

மூன்றரை மணிக்கு சார் அறைக்குப் போனாள். சார் தாளை வாங்கினார், பேனா மூடியைத் திறந்தார், அடியில் கையெழுத்துப் போட்டார், முத்திரையும் குத்தினார். பத்து விநாடி ஆகியிருக்காது.

"தேதி போட்டியாம்மா?"

"போட்டங்க சார்." அவள் தாளை எடுக்காமல் நின்றாள். எடுத்துக்கொண்டு ஓடியிருக்கலாம். யார் கேட்கப் போகிறார்கள்? "சார், ஒரு தரம் படிச்சிடுங்க."

"எதுக்கும்மா? உம்மேல எனக்கு நம்பிக்கை இல்லியா இன்னா?"

"படிச்சிடுங்க சார். படிக்காம இத அனுப்ப மாட்டன்."

சார் அவளை வினோதமாகப் பார்த்தார். மூக்குக்கண்ணாடியைத் தேடி எடுத்து மாட்டிக்கொண்டார். ஒரு தரம் படித்தார். மறுபடி முதலிலிருந்து படித்தார். முகம் சுருங்கிப்போய்விட்டது. கோபப்படுவார் என்று தனுஷா பயந்தாள், அவர் கோபப்படவில்லை, அது இன்னும் மோசமாக இருந்தது.

"இதுல இருக்கறது அத்தினியும் நெசந்தாம்மா" என்றார் மெதுவாக. "ஆனா இத எப்டி அனுப்புறது? மே மாசம் ரிட்டையர்டு. எங்கிட்ட பதினோரு பேரு டாக்டரேட் முடிச்சிருக்கான். இது எங்கனா வெளிய போச்சின்னா அத்தினி பேரு தீசிசையும் தோண்டுவான். அவனெல்லாம் வேலைல இருக்கான், புள்ளகுட்டியோட இருக்கான்."

அவர் தாளை நாலாக மடித்தார். மடித்த பிறகு கிழித்தார். கிழித்த துண்டுகளை எங்கே போடுவது என்று தெரியாமல் சட்டைப் பையில் போட்டுக்கொண்டார்.

அப்புறம் சார் சொன்னார், "இரு. நானே எழுதறன். அவங்க கேட்டதும் அதானே, சொந்த வார்த்தைன்னு. நானே எழுதறன்."

தனுஷா நிமிர்ந்து பார்த்தாள். சார் விளையாட்டுக்குச் சொல்லவில்லை. கல்லூரி முகப்புத்தாளை எடுத்து மேஜை மேல் வைத்து நீவிக்கொண்டார், கதவைச் சாத்தச் சொன்னார். மணி நாலு. அவளுக்கு ஒரு நிமிஷம் உள்ளுக்குள் எல்லாம் இளகிவிட்டது. சார் எழுதுகிறார். முப்பது வருஷத்தில் முதல் தடவையாக ஒரு மாணவிக்காகத் தன் கையால் எழுதுகிறார். மூன்று வரி எழுதட்டும், தப்பும் தவறுமாக எழுதட்டும், அது போதும். அவர்கள் கேட்டது இலக்கணம் இல்லையே, ஒரு மனுஷன் இன்னொரு மனுஷியின் வேலையைப் பார்த்தான் என்பதற்கு ஒரு சாட்சிதானே.

சார் தேதி எழுதினார். மதிப்பிற்குரிய ஐயா என்று எழுதினார். தனுஷா என்கிற மாணவியை எனக்கு ஆறு வருஷமாகத் தெரியும் என்று எழுதினார். ஒழுக்கமானவர், கீழ்ப்படிதல் உள்ளவர், நேரம் தவறாதவர் என்று எழுதினார். பள்ளிக்கூடத்து மாற்றுச் சான்றிதழில் நன்னடத்தை என்ற இடத்தில் போடுவார்களே, அதே மூன்றும். அதன் பிறகு பேனா நின்றது. சார் ஜன்னலைப் பார்த்தார். மேஜை மேலிருந்த காகிதத்தைப் பார்த்தார். நாலு பத்து, நாலு இருபது. வெளியே பேருந்துக்குப் போகிற பிள்ளைகளின் சத்தம் கேட்டது. அவர் நெற்றியில் வியர்வை அரும்பி மூக்குக்கண்ணாடிக்குள் இறங்கியது. எழுத வேண்டும் என்று அவர் தவிப்பது தனுஷாவுக்குத் தெரிந்தது. அதைப் பார்க்க முடியாமல் தரையைப் பார்த்தாள்.

கடைசியில் சார் தலையைத் தூக்கினார்.

"உன் டைட்டில் இன்னாம்மா?"

ஆறு வருஷம். ஆறு மாதத்துக்கு ஒரு முறை முன்னேற்ற அறிக்கை, பன்னிரண்டு அறிக்கை, பன்னிரண்டிலும் மேலே கொட்டை எழுத்தில் தலைப்பு, அடியில் அவர் கையெழுத்து. கேட்டுவிட்டார் பாருங்கள். அதுவும் குரலில் ஒரு கபடமும் இல்லாமல், குழந்தை மாதிரி கேட்டுவிட்டார். அவள் அழவில்லை. அழுவதற்குக்கூட ஏதாவது மிச்சம் இருக்கவேண்டும்.

"மரவள்ளி மாவுப்பூச்சி சார். பூச்சிக்கும் குளவிக்கும் நடுவுல வர்ற நேரிலா இயக்கம்."

"அது ஜூவாலஜி டிபார்ட்மெண்ட்டு இல்லியாம்மா?"

"மேத்ஸ்தான் சார்."

"ஆங், மேத்ஸ்தான், மேத்ஸ்தான்" என்று அவசரமாகச் சொல்லிக்கொண்டார். பேனாவை மறுபடி தாளில் வைத்தார். "நீ சொல்லும்மா, ஒவ்வொரு வரியா சொல்லிக்கினே வா. நான் எழுதிக்கறன். எங்கையெழுத்துலயே எழுதறன்."

அவள் வாயைத் திறந்தாள். முதல் வரி நாக்கு நுனியில் இருந்தது, சொல்லியிருந்தால் அவர் எழுதியிருப்பார், ஐந்து மணிக்குப் போயிருக்கும், போர்த்துகலில் எவருக்கும் தெரிந்திருக்காது. ஆனால் தன்னைப் பற்றித் தானே சொல்லி, அதைத் தானே இன்னொருவர் வாயில் வைத்து, அதற்கு அவரே சாட்சி என்று இன்னொரு தடவை காட்ட அவளால் முடியவில்லை.

"வேண்டாங்க சார்" என்றாள். "நான் பாத்துக்கறன்."

"கோவமாம்மா?"

"இல்லைங்க சார்."

கணினி ஆய்வகத்துக்கு ஓடினாள். சாரின் கடவுச்சொல் அவளுக்குத் தெரியும். அவர் கணக்கைத் திறந்து என்ன வேண்டுமானாலும் அனுப்பலாம், திறக்கவில்லை. தன் கணக்கிலிருந்து எழுதினாள். அந்தக் கடிதத்தை எழுதியது நான். எங்கள் ஊரில் வழக்கம் அது. என் நெறியாளருக்கு என் ஆய்வு தெரியாது. அதை முழுதாகப் பார்த்த ஒரே ஆள் என் அப்பா, நான் வரமுடியாத சனிக்கிழமைகளில் அவர்தான் எண்ணினார், அவருக்கு ஆங்கிலம் எழுதத் தெரியாது. நோட்டுப் புத்தகங்களின் படங்களை இணைத்திருக்கிறேன், ஒவ்வொரு பக்கத்தையும் நீங்களே பாருங்கள். ஐந்து மணி பதினெட்டு நிமிஷத்துக்கு அனுப்பினாள். ஆறு மணி வண்டியைப் பிடித்து, கச்சிராயபாளையம் தாண்டி மலை ஏறினாள். கொண்டை ஊசி வளைவுகளில் சிக்னல் ஒவ்வொரு கோடாகக் குறைந்து செத்துப்போனது.

சனிக்கிழமை காலை நூற்று நாற்பத்து மூன்றாவது வாரம். அப்பா முதல் நாலு செடியைப் பார்த்து முடித்திருந்தார். தனுஷா நோட்டோடு தண்ணீர்த் தொட்டிப் பாறையில் ஏறி நின்றாள். கைபேசி இரண்டு தரம் அதிர்ந்தது.

முதலில் வந்தது போர்த்துகல் கடிதம். உங்கள் கடிதத்தையும் நோட்டுப் புத்தகங்களையும் படித்தோம், உங்களை நம்புகிறோம் என்று இருந்தது. ஆனால் விண்ணப்பதாரர் அல்லாத ஒருவரின் பரிந்துரை இல்லாமல் எவரையும் எடுக்க விதி இடம் தரவில்லை, உங்கள் விண்ணப்பத்தை நீக்குகிறோம், அடுத்த வருஷம் அவசியம் விண்ணப்பிக்கவும் என்று இருந்தது. நம்புகிறோமாம். அவள் அதை மூன்று தரம் படித்தாள்.

"இன்னா சொல்றாங்க பாப்பா?" என்று கீழேயிருந்து காத்தான் கேட்டார்.

"இல்லைன்னுட்டாங்கப்பா."

அவர் ஒரு கொழுந்தைத் திருப்பிப் பார்த்துக்கொண்டே நின்றார். "அடுத்த வருசம்?"

"வயசு ஆயிடும்பா."

"நீ ஐப்பசில, சாமை அறுப்புல பொறந்தவ. எனக்குத் தெரியாதா? அடுத்த வருசம் ஜூன்ல உனக்கு எப்டி ஆவும்?"

"பேப்பர்ல ஆயிடும்பா."

காத்தான் அடுத்த செடிக்குப் போனார்.

இரண்டாவதாக வந்திருந்தது சாரின் வாட்ஸ்அப், போர்த்துகல் பதிலின் நகல் அவருக்கும் போயிருந்தது. "மனச தளர விடாதேம்மா. அடுத்த வருஷம் இதே ஸ்கூலுக்குப் போட்டுடலாம். ரிட்டையர்டு ஆனாலும் நான் இருக்கேன். இப்பவே நல்லதா ஒரு லெட்டர் எழுதி ரெடியா வச்சிக்கோ. கையெழுத்துப் போட்டுத் தர்றேன்." அடியில் கும்பிடுகிற இரண்டு கை.

தனுஷா பாறையில் உட்கார்ந்துவிட்டாள். ஆறு வருஷத்தில் முதல் தடவையாக அவள் சரிங்க சார் என்று அடிக்கவில்லை.

"என் தலைப்பு இன்னான்னு மொதல்ல எழுதி அனுப்புங்க சார். நேத்து சொன்னன்."

இரண்டு டிக்கும் நீலமானது. மேலே, தட்டச்சு செய்கிறார் என்று வந்தது. நின்றது. மறுபடி வந்தது. மறுபடி நின்றது. அவள் கைபேசியை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு பார்த்துக்கொண்டே இருந்தாள். வெயில் ஏறி எழுத்து தெரியாமல் போகும்வரை ஒன்றும் வரவில்லை.

"அஞ்சாவது செடி" என்று காத்தான் கீழேயிருந்து குரல் கொடுத்தார். "பூச்சி இருவத்தி மூணு. குளவி குத்தினது ரெண்டு."

தனுஷா கைபேசியைப் பாறை மேல் வைத்துவிட்டு, நோட்டைப் பிரித்து, இருபத்து மூன்று, இரண்டு என்று எழுதினாள்.